லிம்ஃபோசைட் 7 சதவீதம்

லிம்ஃபோமா என்று தெரிந்ததும் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "எதிர்ப்பு சக்தியை ஏத்தணும்." கபசுரக் குடிநீர், கோதுமைப்புல் சாறு, பப்பாளி இலை, கருஞ்சீரகம் எல்லாம் அண்ணன் வீட்டு அடுப்படியில் வரிசையாக வந்து சேர்ந்தன. கொண்டுவந்த அத்தனை பேரும் பாசத்தில்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் நம்மைக் காக்க வேண்டிய வெள்ளையணுவிலேயே வருகிற புற்றுதான் லிம்ஃபோமா. அப்படியிருக்க ஏற்றுவது என்றால் எதை ஏற்றுவது? இதைப் பற்றி எழுதச் சொல்லி எங்கள் சொந்தக்காரப் பெண் ஒருத்தி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவள் மாமனாருக்கும் இப்போது இதே நோய். அவளுக்காகவே எழுதுகிறேன்.

நான் கோவில்பட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். இப்போதெல்லாம் மெஷினே எண்ணிவிடும். மெஷின் சந்தேகப்பட்டுக் கொடி காட்டினால்தான் ஸ்லைடு போடுவோம். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்து, லீஷ்மன் ஸ்டெயின் ஊற்றி, கழுவிக் காயவைத்து, ஆயில் விட்டுப் பார்க்க வேண்டும். 100 வெள்ளையணுக்களைப் பார்த்து, எது எத்தனை என்று எண்ணுவதுதான் டிஃபரென்ஷியல் கவுண்ட். பெரியவர்களுக்கு லிம்ஃபோசைட் சாதாரணமாக 20-லிருந்து 40 வரை வரும். அடர்ந்த ஊதா நிறத்தில், கிட்டத்தட்ட அணு முழுக்க உட்கருவாக, ஓரத்தில் மட்டும் ஒரு நூல் அளவுக்கு வெளிர்நீலம் தெரியும். ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் கண்ணில் படுகிற அணு.

அண்ணன் ஸ்லைடில் அது 7 தான் வந்தது. மற்ற வெள்ளையணுக்களில் நியூட்ரோஃபில் ஏறிக் கிடந்தது, ஈசினோஃபில் கூடுதலாகத் தெரிந்தது. ஹீமோகுளோபின் 9.6, ரத்தப் புரதமான ஆல்புமின் 3.2. அப்போது அவன் டிபி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

கழுத்தில் நெறி கட்டி, சாயங்காலம் காய்ச்சல், ராத்திரி சட்டை நனைகிற அளவுக்கு வியர்வை, எடை குறைவு என்றால் நம் ஊரில் முதலில் டிபி என்றுதான் நினைப்பார்கள். நினைப்பதில் தப்பில்லை, இங்கே டிபி அவ்வளவு இருக்கிறது. ஊசியால் குத்தி எடுத்துப் பார்த்ததில் கிரானுலோமா, அதாவது அழற்சி அணுக்கள் கூடிய சிறு முடிச்சு, என்று வந்ததும், அண்ணன் பார்த்த டாக்டர் உடனே டிபி மருந்தை ஆரம்பித்துவிட்டார். கிரானுலோமா டிபிக்கு மட்டும் சொந்தமில்லை, லிம்ஃபோமாவில் ஒரு வகையான ஹாட்ஜ்கின் உள்ள நிணநீர்க் கணுவிலும் வரும். மருந்து சாப்பிடச் சாப்பிடக் கட்டி பெரிதாகிக்கொண்டே போனது.

இதில் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிற விஷயம் டிபிக்குப் பார்க்கிற மாண்டூ டெஸ்ட். முன்கையில் ஊசி போட்டு இரண்டு மூன்று நாள் கழித்து வீக்கத்தை ஸ்கேலால் அளப்பார்கள். அண்ணனுக்கு வீக்கமே இல்லை, ஒரு மில்லிமீட்டர் கூட. "டிபி முத்திப் போனா சில பேருக்கு இப்படி வராது" என்று சொல்லி நகர்ந்துவிட்டார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் 1902-லேயே இதை வேறு விதமாகப் பார்த்த ஒரு பெண் உண்டு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் டாரதி ரீட் என்ற இளம் மருத்துவர், தன்னிடம் இருந்த ஹாட்ஜ்கின் நோயாளிகளுக்கு, டிபி கிருமியிலிருந்து எடுத்த டியூபர்குலின் போட்டுப் பார்த்தார். எதிர்வினை வரவில்லை. ஹாட்ஜ்கின் நோய் டிபியின் ஒரு வடிவம்தான் என்று பலர் நம்பிய காலம் அது. இல்லை, இது தனி நோய் என்று அவர் எழுதினார். கணுவில் இருக்கும் அந்த விசித்திரமான பெரிய அணுவையும் வரைந்து காட்டினார். 1898-ல் கார்ல் ஸ்டெர்ன்பெர்க் விவரித்திருந்ததும் அதே அணுதான். அதனால் அதற்கு ரீட்-ஸ்டெர்ன்பெர்க் அணு என்று பெயர். எதிர்வினையே வராத அந்த டெஸ்ட் சொன்ன சேதி பின்னால்தான் முழுசாகப் புரிந்தது: ஹாட்ஜ்கின் நோயாளியின் டி-செல்கள் (லிம்ஃபோசைட்டில் ஒரு வகை) பழைய எதிரியைக் கண்டாலும் கிளம்புவதில்லை.

கடைசியில் வேறொரு ஊரில், வேறொரு டாக்டர் முழுக் கணுவையும் வெட்டி எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார். லிம்ஃபோமா சந்தேகம் இருந்தால் இதுதான் முறை. ஊசியில் வருவது சிதறிய அணுக்கள்தான். கணுவின் கட்டமைப்பு அதில் தெரியாது. சிடி30, சிடி15 என்ற அடையாளப் புரதங்கள் பாசிட்டிவ், கிளாசிக்கல் ஹாட்ஜ்கின், மூன்றாம் நிலை என்று ரிப்போர்ட் வந்தது. அந்த பேத்தாலஜிஸ்ட் நல்ல மனிதர். நான் லேபில் இருப்பவள் என்று தெரிந்ததும் மைக்ரோஸ்கோப்பைப் பார்க்கவிட்டார். இரண்டு உட்கரு, ஒவ்வொன்றுக்குள்ளும் சிவந்த பெரிய புள்ளி, பாடப்புத்தகத்தில் ஆந்தைக்கண் என்று படித்த அதே அணு. அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பார்த்த இடமெல்லாம் லிம்ஃபோசைட், ஈசினோஃபில், பிளாஸ்மா செல். எல்லாம் சாதாரணமான காவல் அணுக்கள்.

என்னை அதிகம் பாதித்த விஷயமும் இதுதான். ஹாட்ஜ்கின் கட்டியில் உண்மையான புற்றணு பெரும்பாலும் 100-க்கு ஒன்று இரண்டுதான். மிச்சமெல்லாம் அந்த அணுவே வேதிப்பொருள் சுரந்து வரவழைத்த சொந்தப் படை. ரத்தத்தில் லிம்ஃபோசைட் 7 சதவீதம், கட்டிக்குள்ளே கூட்டம் கூட்டமாக. வந்தவை ஏன் அதைக் கொல்லவில்லை? பெரும்பாலான நோயாளிகளின் ரீட்-ஸ்டெர்ன்பெர்க் அணுவில் 9-வது குரோமோசோமின் ஒரு துண்டு கூடுதல் பிரதிகளாக இருக்கும். பிடி-எல்1 என்ற புரதத்தின் மரபணு அந்தத் துண்டில்தான் இருக்கிறது. அணுவின் மேற்பரப்பெல்லாம் அந்தப் புரதம் மொய்த்திருக்கும். டி-செல் கிட்டே வந்தால் அதன் பிடி-1 பொத்தானை அது அமுக்கிவிடும், டி-செல் வேலையை நிறுத்திவிடும். பிடி-1-ஐ 1992-ல் ஜப்பானில் கண்டுபிடித்தது தாசுகு ஹோன்ஜோவின் குழு. 2018-ல் அவருக்கும் ஜேம்ஸ் அலிசனுக்கும் நோபல் கொடுத்தார்கள். 2015-ல் வெளியான ஆய்வில், எல்லா சிகிச்சையும் பார்த்துத் திரும்பத் திரும்ப நோய் வந்த 23 ஹாட்ஜ்கின் நோயாளிகளுக்கு அந்தப் பொத்தானை மறைக்கும் நிவோலுமாப் கொடுத்தார்கள். 20 பேருக்குக் கட்டி சுருங்கியது. வெளியிலிருந்து புதுப் படை எதுவும் வரவில்லை, உள்ளே இருந்ததையே அவிழ்த்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு "ஏத்தணும்" என்ற பேச்சைக் கேட்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. அண்ணனின் ஆல்புமின் குறைந்தது முட்டை சாப்பிடாததால் இல்லை. நோய் உண்டாக்கும் அழற்சியில் கல்லீரல் ஆல்புமின் தயாரிப்பையே குறைத்துக்கொள்கிறது. ஹீமோகுளோபினும் அதேபோல. உடம்பில் இரும்பு இருந்தும், அதை எலும்பு மஜ்ஜைக்கு விடாமல் அழற்சி பூட்டி வைக்கிறது. டானிக் பாட்டில் பாட்டிலாக இறங்கியும் எண் நகராததற்குக் காரணம் அதுதான். கட்டியை அடித்தால்தான் இவையெல்லாம் ஏறும்.

அடுத்து, பிழைப்பாரா என்கிற கேள்வி.

மதினி என்னிடம் நேராகவே கேட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில், கையில் தூக்குவாளியோடு. "நீ லேப்ல இருக்கவ, உனக்குத் தெரியும்லா. உங்கண்ணன் பொழைச்சுக்கிடுவாகளா, மாட்டாகளா?"

எனக்கு ஒரு எண் தெரிந்திருந்தது. முற்றிய ஹாட்ஜ்கினுக்கு 1998-ல் ஹாசன்கிளெவர் என்ற ஜெர்மானியரும் டீல் என்பவரும் சேர்ந்து ஒரு மதிப்பெண் முறை வகுத்தார்கள். 5,141 நோயாளிகளின் விவரத்தை வைத்துச் செய்தது. ஏழு கேள்விகள்: ஆணா, வயது 45 அல்லது அதற்கு மேலா, நான்காம் நிலையா, ஹீமோகுளோபின் 10.5-க்குக் கீழா, ஆல்புமின் 4-க்குக் கீழா, வெள்ளையணு 15,000 அல்லது அதற்கு மேலா, லிம்ஃபோசைட் 600-க்குக் கீழோ 8 சதவீதத்துக்குக் கீழோ இருக்கிறதா. ஆமாம் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. அண்ணனுக்கு வயது 47. கூட்டிப் பாருங்கள், 5 புள்ளி. அந்தக் கட்டுரைப்படி 5-ம் அதற்கு மேலும் வாங்கியவர்களில், ஐந்து வருஷம் நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் 42 சதவீதம். புள்ளியே இல்லாதவர்களில் 84.

ஏழில் நான்கு, ஒன்றிரண்டு டியூப் ரத்தத்தில் தெரிகிற எண்கள். அதிலும் லிம்ஃபோசைட் எண்ணிக்கை நேரடியாகவே எதிர்ப்பு சக்தியின் எண். அது குறைவாக இருப்பவர்களுக்கு விளைவு மோசமாக இருக்கிறது என்பது டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் போன்ற மற்ற லிம்ஃபோமாக்களிலும் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட விஷயம். ஃபாலிக்குலர் வகையில் 2004-ல் இன்னும் ஆச்சரியமான ஒன்று வெளிவந்தது. நோயாளி எவ்வளவு காலம் இருப்பார் என்பதைக் கட்டிக்குள் இருந்த, புற்று இல்லாத காவல் அணுக்களின் மரபணு நடத்தையே காட்டிக்கொடுத்தது. 2010-ல் ஹாட்ஜ்கினில், கட்டிக்குள் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கணுக்கள் மொய்த்திருந்தால் விளைவு மோசம் என்று கண்டார்கள்.

சரி, இதையெல்லாம் மதினியிடம் சொல்ல முடியுமா? 42 என்று சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதற்கு எனக்குக் காரணம் இருந்தது. அந்த 42, 1998-க்கு முன்னால் சிகிச்சை எடுத்த ஒரு கூட்டத்தின் எண். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிற்பாடு இதே மதிப்பெண்ணை வைத்துப் பார்த்தபோது, மோசமான குழுவிலேயே 62 சதவீதம் பேர் ஐந்து வருஷம் நோய் முன்னேறாமல் இருந்தார்கள். அதைவிட முக்கியம், இரண்டு சைக்கிள் கீமோ முடிந்ததும் எடுக்கும் பெட் ஸ்கேன். 2007-ல் இத்தாலி, டென்மார்க் மருத்துவர்கள் சேர்ந்து 260 பேரைப் பார்த்தார்கள். இரண்டு சைக்கிளில் ஸ்கேன் சுத்தமாக இருந்தவர்களில் 95 சதவீதம் பேருக்கு இரண்டு வருஷம் கழித்தும் நோய் முன்னேறவில்லை. சுத்தமாகாதவர்களில் 13 சதவீதம் மட்டுமே அப்படி. ஆரம்ப மதிப்பெண்ணின் பலமெல்லாம் அந்த ஸ்கேனுக்கு முன்னால் மங்கிப்போனது. ஆகவே மதினியிடம், "ரெண்டு சைக்கிள் முடிஞ்சு ஒரு ஸ்கேன் எடுப்பாங்க மதினி. அதுதான் பதில். அதுவரைக்கும் எந்த நம்பரும் நமக்கு வேண்டாம்" என்றேன். இன்றைக்கும் யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

கீமோ ஏபிவிடி. 1970-களில் மிலன் நகரத்தில் போனதோன்னா கொண்டுவந்த நாலு மருந்துக் கூட்டு, பதினைந்து நாளைக்கு ஒருமுறை. இங்கேதான் எதிர்ப்பு சக்தி இரண்டாவது முறை அடிவாங்கும். முதல் அடி நோயால், இது மருந்தால். இப்போது விழுவது முக்கியமாக நியூட்ரோஃபில். ஒரு முறை மருந்துக்கு முந்தின நாள் எண்ணிப் பார்த்தால் 600 தான் இருந்தது. லேப்காரிக்கு அந்த எண்ணைப் பார்த்தால் கை நடுங்கும். ஆனால் டாக்டர் மருந்தைத் தள்ளிப்போடவில்லை. ஏபிவிடியில் நியூட்ரோஃபில் விழுவது சகஜம், அதனால் காய்ச்சல் வருவது அவ்வளவு இல்லை. தள்ளித் தள்ளிப் போட்டால்தான் நோய் கைவிட்டுப் போகும் என்று பொறுமையாக விளக்கினார். எல்லா கீமோவுக்கும் இது பொருந்தாது. வேறு லிம்ஃபோமாக்களுக்குக் கொடுக்கும் ஆர்-சாப் கீமோ எடுப்பவருக்கு டாக்டர் முடிவு வேறாக இருக்கலாம்.

ஆனால் ஒரு விதியில் விட்டுக்கொடுக்கவே கூடாது. தெர்மாமீட்டரில் 100.4 ஃபாரன்ஹீட் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. டோலோ போட்டுப் படுத்துக் காலையில் பார்ப்போம் என்பதே கிடையாது. நியூட்ரோஃபில் இல்லாதவருக்கு சீழ் வராது, தொண்டை பெரிதாகச் சிவக்காது, நெஞ்சு எக்ஸ்ரேயில்கூட ஒன்றும் தெரியாமல் போகலாம். சீழ் என்பதே செத்த நியூட்ரோஃபில்தானே. காய்ச்சல் ஒன்றுதான் அறிகுறி, அதையும் மாத்திரை போட்டு மறைத்தால் என்ன மிஞ்சும்? அண்ணனுக்கு ஒரு ராத்திரி 101 ஏறியது. அவனுடைய மினி லாரியிலேயே, தீப்பெட்டி பண்டல்களை இறக்கக்கூட நேரமில்லாமல், மருமகன் ஓட்டிக்கொண்டு போனான். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறிவிட வேண்டும் என்று நான் போனிலேயே சொல்லிக்கொண்டிருந்தேன். ஏறியது. மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து ரசஞ்சாதம் கேட்டான்.

அப்புறம், யாரும் யோசிக்காத ஒன்று. அண்ணன் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளைக்கு ஆறாவது வாரம் தடுப்பூசி. நர்ஸம்மா போலியோ சொட்டு மருந்தைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். பிள்ளையின் மலத்தில் வாரக்கணக்கில் வெளியேறும். எதிர்ப்பு சக்தி விழுந்த ஒருவர் அதே வீட்டில் இருந்தால் சொட்டு மருந்து கூடாது, போலியோ ஊசிதான் போட வேண்டும். விஷயத்தைச் சொன்னதும் நர்ஸம்மா நிறுத்திவிட்டு மருத்துவ அலுவலரிடம் போனில் கேட்டார். பிள்ளைக்கு மற்ற தடுப்பூசிகள் எல்லாம் போட்டாயிற்று, போலியோவுக்கு ஊசி மட்டும் ஏற்பாடு செய்துகொண்டோம். தாத்தா பேரனைத் தூக்கவே கூடாது என்று சிலர் சொன்னார்கள். கை கழுவிவிட்டுத் தாராளமாகத் தூக்கலாம். தூக்கினான், நாள் முழுக்க வைத்திருந்தான்.

பக்கத்துக் கட்டிலில் தஞ்சாவூர் பக்கத்து அம்மா ஒருவர். அவருக்கு டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல், ரிடுக்ஸிமாப் சேர்ந்த சிகிச்சை. அந்த மருந்து பி-செல் என்ற இன்னொரு வகை லிம்ஃபோசைட்டுகளையே துடைத்துவிடும், ஆறு மாதத்துக்கு மேலும் திரும்பி வராது. எப்போதோ வந்து போன மஞ்சள்காமாலை வைரஸ், ஹெபடைடிஸ் பி, கல்லீரலில் ஒளிந்திருந்தால் அந்த நேரம் பார்த்து எழும்பும். அதனால் மருந்துக்கு முன்பே இரண்டு டெஸ்ட் பார்க்க வேண்டும்: வைரஸின் மேற்பரப்புப் புரதம் இருக்கிறதா என்பது ஒன்று, கோர் ஆன்டிபாடி இருக்கிறதா என்பது இன்னொன்று. முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு விடுகிற இடங்கள் உண்டு. ரிடுக்ஸிமாப் என்று சீட்டில் எழுதியிருந்தால் இரண்டாவதையும் கேட்டு வாங்குங்கள். அந்த அம்மாவுக்கு இரண்டாவதுதான் பாசிட்டிவ் வந்தது. கல்லீரலுக்கு மாத்திரை கொடுத்துக் காப்பாற்றிவிட்டார்கள். லிம்ஃபோமா என்று ஒரே பெயர் சொன்னாலும், ஓட்டை விழும் இடம் ஆளுக்கு ஆள் வேறு.

அண்ணனின் இரண்டாம் சைக்கிள் ஸ்கேன் சுத்தமாக வந்தது. மதினி ரிப்போர்ட்டை என் கையில் கொடுத்துவிட்டு, படிக்கச் சொல்லாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். 2016-ல் வந்த ஒரு பெரிய ஆய்வின்படி, இப்படிச் சுத்தமானவர்களுக்கு நுரையீரலைக் கெடுக்கக்கூடிய பிளியோமைசினை நிறுத்திவிடலாம். அவனுக்கும் நிறுத்தினார்கள். மிச்ச மூன்று மருந்துகளோடு சிகிச்சை முடிந்தது. இன்று சிகிச்சை ஆரம்பிக்கிறவர்களுக்கு இன்னொரு நல்ல சேதியும் உண்டு. அதே மூன்று மருந்துகளோடு முதலிலிருந்தே நிவோலுமாப் சேர்த்த அமெரிக்க ஆய்வு 2024-ல் வெளியானது. இரண்டு வருஷத்தில் நோய் முன்னேறாதவர்கள் 92 சதவீதம், ஒப்பிட்ட குழுவில் 83. விலைதான் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு எட்டவில்லை. அது எட்ட வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

குணமான பிறகும் டி-செல்களின் குறை பல வருஷம் நீடிக்கும். அதனால் இரண்டு காரியம் செய்து வைத்திருக்கிறோம். ஒன்று, ஹாட்ஜ்கின் வந்தவருக்கு எப்போது ரத்தம் ஏற்றினாலும் கதிர்வீச்சு கொடுத்த ரத்தமாக இருக்க வேண்டும் என்பது பிரிட்டன் வழிகாட்டுதல். ரத்தம் கொடுத்தவரின் லிம்ஃபோசைட்டுகள் இவர் உடம்பில் தங்கி இவரையே தாக்கிவிடக்கூடும் என்பதால். லாரி ஓட்டுகிறவன், ரோட்டில் எங்கே என்ன நடக்குமோ. அதனால் பர்ஸில் லைசென்ஸுக்குப் பின்னால், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி லேமினேட் செய்த அட்டை ஒன்று இருக்கிறது. இரண்டாவது, தடுப்பூசி. ஃப்ளூ வருஷா வருஷம், நிமோனியாவுக்கு ஒன்று, அக்கிக்கு உயிரற்ற வகை ஊசி. அக்கி லிம்ஃபோமாக்காரர்களை அதிகம் பிடிக்கும். உயிருள்ள ஊசி எதுவும் டாக்டரைக் கேட்காமல் கூடாது.

போன வாரம் எண்ணியதில் லிம்ஃபோசைட் 24. மெஷின் கொடி காட்டவில்லை, ஆனாலும் ஸ்லைடு போட்டு எண்ணினேன். ஃப்ளூ ஊசி இந்த மாதம் போட வேண்டும். மதினியும் மருமகனும் சேர்ந்தே போட்டுக்கொள்கிறார்கள், வீட்டுக்குள் வைரஸைக் கொண்டுவருவது பெரும்பாலும் கூட இருப்பவர்கள்தான் என்பதால்.